வாசிக்க முடியாதபோது சி மொழி என்ன சொல்கிறது?

ஒரு பைட்டுக்குள் 256 மதிப்புகள் அடங்கும், 257-ஆவதற்கு இடமில்லை. ஆனால் சி மொழியில் உள்ளீட்டிலிருந்து ஒரே ஓர் எழுத்தை வாங்கித் தரும் ‘கெட்சார்’ என்ற செயற்கூறு 257 விதமான பதில்களைச் சொல்லியாக வேண்டும். எந்த பைட் வந்தாலும் அதை அப்படியே ஒப்படைக்க 256 பதில்கள். ‘தருவதற்கு ஒன்றும் இல்லை’ என்று சொல்ல இன்னும் ஒன்று. அந்தக் கூடுதல் பதிலுக்கு ‘ஈஓஎஃப்’ என்று பெயர். அது ஓர் எதிர்மறை முழு எண் என்று சொல்வதோடு சி மொழியின் தரநிலை நின்றுவிடுகிறது. நடைமுறையில் அது மைனஸ் 1.

எழுத்தைத் தரும் செயற்கூறு ‘சார்’ வகையில் விடை தராமல் ‘இன்ட்’ வகையில் தருவது ஏன் என்று சி கற்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. விடையை வாங்கி ஒரு ‘சார்’ மாறியில் போட்டுக்கொள்கிறார்கள், நிரலும் ஓடுகிறது. யூனிகோட் தமிழில் எழுதிய கோப்பைக் கொடுத்தாலும் ஓடுகிறது, ஏனென்றால் யூடிஎஃப்-8 முறையில் 255 என்ற பைட் ஒருபோதும் வராது. அதே நிரலிடம் ஒரு ஜேபெக் படத்தைக் கொடுத்து நகலெடுக்கச் சொல்லிப் பாருங்கள். ஜேபெக் கோப்பின் முதல் இரண்டு பைட்டுகள் எப்போதும் 255, 216. வழக்கமான இன்டெல் கணினியில் ‘சார்’ வகை மைனஸ் 128 முதல் 127 வரையான எண்களைத்தான் பிடிக்கும். 255 அதற்குள் போனதும் மைனஸ் 1 ஆகிவிடும். முதல் பைட்டிலேயே கோப்பு முடிந்துவிட்டதாக நிரல் நம்பிவிடும். நகலின் அளவு பூஜ்யம். ராஸ்பெர்ரி பை போல லினக்ஸ் ஓடும் ஆர்ம் சில்லுகளில் கதை வேறு. அங்கே ‘சார்’ வகைக்கு 0 முதல் 255 வரை. மைனஸ் 1 உள்ளே போனதும் 255 ஆகிவிடுவதால், முடிவு என்ற செய்தி வந்தே சேராது. வட்டு நிரம்பும்வரை நிரல் எழுதிக்கொண்டே இருக்கும். ஒரே வரிப் பிழை ஒரு சில்லில் ஒன்றுமே செய்யாமல் நிற்கிறது, இன்னொன்றில் நிற்கவே மாட்டேன் என்கிறது.

பாடப்புத்தகங்கள் உள்ளீட்டுச் செயற்கூறுகளை, எல்லாம் சரியாக நடந்தால் அவை என்ன செய்யும் என்பதை வைத்தே அறிமுகப்படுத்துகின்றன. அவற்றின் உண்மையான இலக்கணம் அவை தோற்கும் விதத்தில் இருக்கிறது என்பேன். வெளியுலகம் நிரலின் சொற்படி நடப்பதில்லை. வட்டு பழுதாகும், பிணைய இணைப்பு அறுந்துபோகும், வயதைக் கேட்ட இடத்தில் ஒருவர் பெயரைத் தட்டச்சு செய்வார். அந்த நேரத்தில் செயற்கூறு என்ன பதில் தரும் என்பதை யாராவது ஒருவர் பொறுமையாக எழுதி வைத்திருக்க வேண்டும். பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி 1972 வாக்கில் உருவாக்கிய சி மொழிக்குள் உள்ளீடு என்ற ஒன்றே கிடையாது. அது முழுக்க நூலகத்தின் வேலை. மைக் லெஸ்க் எழுதிய ஒரு தொகுப்பிலிருந்து வளர்ந்து, 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்த நூலகம்தான் இன்றும் நாம் பயன்படுத்துவதன் வேர். மொழி சொல்லாமல் விட்டதை நூலகம் சொல்ல வேண்டியிருந்தது. நூலகம் சொல்லாமல் விட்டதை ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் நிரப்பியது.

அந்த 257-ஆவது பதிலையே இன்னும் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கோப்பு முடிந்தாலும் மைனஸ் 1, வாசிப்பதில் கோளாறு என்றாலும் அதே மைனஸ் 1. இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால் ‘ஃபீஓஎஃப்’, ‘ஃபெர்ரர்’ என்ற இரண்டு செயற்கூறுகளைத் தனியாகக் கேட்க வேண்டும். கேட்காத நிரல், பாதியில் பழுதான வட்டிலிருந்து பாதிக் கோப்பை வாசித்துவிட்டு, வேலை முடிந்தது என்று நிம்மதியாக அறிவித்துவிடும். காப்பு நகல் எடுக்கும் நிரலில் இந்தக் கவனக்குறைவு இருந்தால் அது எப்போது தெரியவரும் என்று யோசித்துப் பாருங்கள்: மூலக் கோப்பு தொலைந்த அன்றுதான்.

சரி, கோளாறு என்று தெரிந்துவிட்டது. என்ன கோளாறு? அதைச் சொல்வதற்கென்றே ‘எர்நோ’ என்ற மாறி இருக்கிறது. இங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது. சி தரநிலை பெயர் சொல்லி வரையறுக்கும் பிழைக் குறியீடுகள் மொத்தம் மூன்றே. கணித வரம்பைப் பற்றி ஒன்று, விடை கொள்ளாமல் போவதைப் பற்றி ஒன்று, தவறான எழுத்துக் குறியாக்கத்தைப் பற்றி ஒன்று. வட்டுப் பழுது அந்தப் பட்டியலில் இல்லை. இணைப்பு அறுந்ததும் இல்லை. அவையெல்லாம் போசிக்ஸ் என்ற இன்னொரு தரநிலையிலிருந்து வருகின்றன. போசிக்ஸ் ஆவணத்தில் ஓர் எழுத்தை வாசிக்கும் செயற்கூற்றின் பக்கத்தைத் திறந்தால், ‘கட்டாயம் தோற்க வேண்டிய’ சூழல்கள் ஒரு பட்டியலாகவும் ‘தோற்கக்கூடிய’ சூழல்கள் இன்னொரு பட்டியலாகவும் இருக்கும். அந்த வரிகளின் அருகில் சிஎக்ஸ் என்ற ஈரெழுத்துக் குறி நிற்கும். இது சி தரநிலையில் இல்லாதது, நாங்கள் கூட்டியது என்று பொருள். தான் சேர்த்த ஒவ்வொரு வாக்கியத்தையும் இப்படி அடையாளமிட்டுக் காட்டும் ஆவணத்தை மிகுந்த மரியாதையோடு பார்க்கிறேன். வாசிப்பவர் எந்த வாக்குறுதியை எங்கெல்லாம் நம்பலாம் என்பது அந்த இரண்டெழுத்தில் தெரிந்துவிடுகிறது.

போசிக்ஸ் பட்டியலில் ‘ஈஇன்டர்’ என்று ஒரு பிழை உண்டு. நிரல் விசைப்பலகைக்காகக் காத்திருக்கும்போது வேறொரு சமிக்ஞை வந்து வாசிப்பை இடைமறித்தது என்பது அதன் செய்தி. உண்மையில் எதுவும் கெட்டுப்போகவில்லை. திரும்பக் கேட்டால் போதும். 1983-இல் வந்த 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை, இப்படி இடைமறிக்கப்பட்ட வாசிப்பைத் தானாகவே மீண்டும் தொடங்கியது. ஏடி அண்ட் டி-யின் சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸோ பிழையைக் கையில் கொடுத்து, முடிவை நிரலரிடமே விட்டது. இரண்டுக்கும் நியாயம் உண்டு. பின்னர் போசிக்ஸ், எது வேண்டும் என்பதை நிரலரே தேர்ந்தெடுக்க ஒரு கொடியை வைத்தது. கையேட்டில் இந்த வேறுபாட்டைச் சொல்லும் ஒரு வரி இல்லையென்றால், ஒரு கணினியில் ஆண்டுக்கணக்கில் ஓடிய நிரல் இன்னொன்றில் காரணம் புரியாமல் நடுவழியில் நிற்கும்.

தோல்வியைச் சொல்ல வழியே இல்லாமல் பிறந்த செயற்கூறு ‘கெட்ஸ்’. ஒரு வரியை வாசித்து நீங்கள் காட்டும் இடத்தில் வைக்கும். அந்த இடம் எவ்வளவு பெரியது என்று அதனிடம் சொல்ல முடியாது. எனவே ‘இடம் போதவில்லை’ என்று அதனால் பதில் சொல்லவும் முடியாது. வரி எவ்வளவு நீளமோ அவ்வளவும் எழுதிக்கொண்டே போகும். 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ், எம்ஐடி கணினி ஒன்றிலிருந்து தன் புழுநிரலை அவிழ்த்துவிட்டார். அது பயன்படுத்திய வழிகளில் ஒன்று, வேக்ஸ் கணினிகளில் ஓடிய ‘ஃபிங்கர்’ சேவை. அந்தச் சேவை ‘கெட்ஸ்’ மூலம் 512 பைட் இடத்தில் வரியை வாங்கியது. புழு 536 பைட் அனுப்பியது. மிஞ்சிய 24 பைட்டுகள் பக்கத்து நினைவகத்தில் வழிந்து, செயற்கூறு வேலை முடிந்து திரும்ப வேண்டிய முகவரியை மாற்றி எழுதின; கட்டுப்பாடு புழுவின் கைக்குப் போனது. பாதிக்கப்பட்ட கணினிகள் சுமார் 6,000 என்று அப்போது மதிப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகும் ‘கெட்ஸ்’ 23 ஆண்டுகள் நீடித்தது. ஏற்கெனவே எழுதப்பட்ட நிரல்களை உடைக்கக்கூடாது என்ற தயக்கம்தான் காரணம். 2011-இல் வந்த சி தரநிலையில்தான் நீக்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் மக்களைக் காத்தது ஆவணம்தான். லினக்ஸ் கையேடு அதை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள் என்று நேரடியாகச் சொல்கிறது; குனு கருவிகளோ, ‘கெட்ஸ்’ இருக்கும் நிரலைத் தொகுக்கும்போதே அது ஆபத்தானது என்று எச்சரிக்கின்றன. செயற்கூற்றைத் திருத்த முடியாதபோது அதைப் பற்றிய எழுத்தைத் திருத்தினார்கள்.

கோப்பு முடிந்தது என்ற செய்தியே எங்கிருந்து வருகிறது? யூனிக்ஸ் முனையத்தில் கன்ட்ரோல்-டி அழுத்தினால் முடிவு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கன்ட்ரோல்-டி நிரலுக்குள் ஓர் எழுத்தாக நுழைவதே இல்லை. இதுவரை தட்டியதை உடனே நிரலிடம் கொடு என்பது மட்டுமே அதன் கட்டளை. எதுவும் தட்டாமல் அழுத்தினால் பூஜ்ய பைட் போய்ச் சேரும். பூஜ்யம் என்றால் முடிவு என்று நூலகம் எடுத்துக்கொள்கிறது. வரியின் நடுவில் அழுத்தினால் அதுவரை தட்டிய எழுத்துகள் போகும், முடிவு போகாது. அதனால்தான் அங்கே இருமுறை அழுத்த வேண்டியிருக்கிறது.

விண்டோஸின் கன்ட்ரோல்-இசட் வேறு பரம்பரை. 1970-களின் சிபி/எம் இயங்குதளம் கோப்பின் நீளத்தை 128 பைட் கட்டங்களாக மட்டுமே அறியும். கடைசிக் கட்டத்தில் உரை எங்கே முடிகிறது என்று காட்ட 26 என்ற பைட்டை வைத்தார்கள், அதுதான் கன்ட்ரோல்-இசட். பின்னர் வந்த டாஸ் நீளத்தைச் சரியாகவே அறிந்திருந்தும் வழக்கம் ஒட்டிக்கொண்டது. இன்றும் விண்டோஸில் உரைக்கோப்பாகத் திறந்து வாசிக்கும் சி நிரல், 26-ஐக் கண்டதும் நின்றுவிடும், பின்னால் எவ்வளவு இருந்தாலும். பிஎன்ஜி படங்களை வடிவமைத்தவர்கள் இந்த வினோதத்தைத் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டார்கள். அவற்றின் எட்டு பைட் முன்னடையாளத்தில் ஏழாவது 26. யாராவது டாஸ் திரையில் படக்கோப்பைத் தவறிக் காட்டச் சொன்னால் குப்பை எழுத்துகள் கொட்டாமல் அங்கேயே நின்றுவிடும்.

முடிவு ஒருமுறை வந்தால் முடிவு முடிவுதானா? முனையத்தில் கன்ட்ரோல்-டி அழுத்திய பிறகும் ஒருவர் தட்டிக்கொண்டே இருக்கலாம். வளர்ந்துவரும் பதிவுக்கோப்பில் புதிய வரிகள் சேரலாம். முடிவு என்ற கொடி ஏறிவிட்டால், அதை நீக்கும்வரை எல்லா வாசிப்பும் முடிவையே சொல்ல வேண்டும் என்பது தரநிலை. லினக்ஸின் குனு சி நூலகம் நெடுங்காலம் அப்படிச் செய்யவில்லை; கொடியைப் பாராமல் மீண்டும் வாசிக்க முயன்றது. 2018 ஆகஸ்டில் வந்த 2.28 பதிப்பில் இதைத் திருத்தினார்கள். வெளியீட்டுக் குறிப்பில், முனையத்திலிருந்து வாசிக்கும் நிரல்கள்தான் அதிகம் பாதிக்கப்படலாம் என்றும், தொடர்ந்து வாசிக்க வேண்டுமானால் கொடியை முதலில் நீக்குங்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். தவறான நடத்தையை நம்பி எழுதிய நிரல்களும் உலகில் இருக்கும் என்பதை உணர்ந்தவர்கள் எழுதிய குறிப்பு அது.

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் சி கற்றவர்களுக்கு ‘ஸ்கேன்எஃப்’ செய்யும் ஒரு கூத்து நன்றாகத் தெரியும். பட்டியலைக் காட்டி, உங்கள் தேர்வு எண்ணைத் தட்டுங்கள் என்று கேட்கும் நிரல். எண்ணுக்குப் பதில் ஓர் எழுத்தைத் தட்டினால் பட்டியல் திரையில் முடிவில்லாமல் ஓடத் தொடங்கும். ‘ஸ்கேன்எஃப்’ அந்த எழுத்தைப் பார்த்தது, எண் இல்லை என்று கண்டது, தொடாமல் அங்கேயே விட்டுவிட்டு 0 என்று பதில் சொன்னது. அந்தப் பதிலை நிரல் பார்க்கவில்லை. அடுத்த சுற்றிலும் அதே எழுத்து வாசலில் நிற்கிறது. எத்தனை விவரங்களை நிரப்பினேன் என்பதுதான் ‘ஸ்கேன்எஃப்’ தரும் விடை. எதுவும் பொருந்தவில்லையென்றால் 0, எதையும் பொருத்திப் பார்க்கும் முன்பே உள்ளீடு தீர்ந்தால் மைனஸ் 1. மூன்று விதமான பதில்களையும் அது ஒழுங்காகவே சொல்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

அதற்கு மருந்தாக ‘எஃப்ஃப்ளஷ்’ செயற்கூற்றை உள்ளீட்டின் மேல் ஏவிவிடும்படி ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுக்கப்பட்டது. நீலத்திரையுடன் வந்த டர்போ சி தொகுப்பியில் அது வேலை செய்தது. ஆனால் சி தரநிலைப்படி அந்தச் செயற்கூறு வெளியீட்டுக்கு மட்டுமே உரியது. உள்ளீட்டின் மேல் ஏவினால் என்ன நடக்கும் என்று தரநிலை எந்த உறுதியும் தரவில்லை. போசிக்ஸ் ஒரு பொருளைத் தருகிறது, அதுவும் முன்பின் நகரக்கூடிய கோப்புகளுக்குத்தான், விசைப்பலகைக்கு இல்லை. வேலைக்குச் சேர்ந்து லினக்ஸில் அதே வரியை எழுதியவர்கள் அது ஒன்றுமே செய்யாததைக் கண்டு குழம்பினார்கள். எது மொழியின் சொத்து, எது ஒரு நிறுவனம் கூட்டிய வசதி என்ற எல்லைக்கோடு அவர்களுக்குக் காட்டப்படவே இல்லை. எண்டர் தட்டாமலே ஒரு விசையை வாங்கும் ‘கெட்ச்’ செயற்கூறும் அப்படித்தான். டர்போ சி-யில் மேல்நோக்கு அம்புவிசையை அழுத்தினால் முதலில் 0 வரும், அடுத்த அழைப்பில் 72. மைக்ரோசாஃப்ட் தரும் அதேபோன்ற செயற்கூற்றில் முதல் விடை 0 ஆகவும் இருக்கலாம், 224 ஆகவும் இருக்கலாம். லினக்ஸின் சி நூலகத்தில் அப்படி ஒரு செயற்கூறே இல்லை.

‘ஸ்கேன்எஃப்’ தோற்கும் இடங்களில் மிக நுட்பமானதை சி தரநிலையே ஓர் எடுத்துக்காட்டாகத் தருகிறது. ஒரு பின்ன எண், அதன் பின் ஓர் அலகு, அதன் பின் பொருள் என்று வாசிக்க வேண்டும். உள்ளீட்டில் 100-ஐ ஒட்டி, இடைவெளி விடாமல், எர்க் என்ற ஆற்றல் அலகின் பன்மை ஆங்கில எழுத்துகளில் வருகிறது. 100 என்று எடுத்துக்கொண்டு மீதியை அலகாக வைத்துக்கொள்ளலாமே என்று நமக்குத் தோன்றும். ஆனால் அலகின் முதல் எழுத்தான ‘இ’, அறிவியல் முறை எண்களில் பத்தின் அடுக்கைக் காட்டும் எழுத்தும்கூட. எனவே வாசிப்பு அதையும் எண்ணின் பகுதியாக உள்ளே எடுத்துக்கொள்கிறது. அடுத்து அடுக்கு எண் வர வேண்டிய இடத்தில் ‘ஆர்’ வந்து நிற்கிறது. திரும்பிப் போக வேண்டும், ஆனால் ஓடும் உள்ளீட்டில் ஓர் எழுத்தைத்தான் பின்னால் தள்ளி வைக்க முடியும். ‘ஆர்’ திரும்பிப் போய்விட்டது, ‘இ’ போக முடியாது. ஆகவே முழு முயற்சியும் தோல்வி, விடை 0. அதே எழுத்துகளை முதலில் முழு வரியாக வாங்கிக்கொண்டு ‘ஸ்டர்டூடி’ என்ற செயற்கூற்றிடம் கொடுத்தால், அது 100 என்று சரியாகச் சொல்லி, எந்த இடத்தில் நிறுத்தியது என்றும் காட்டும். வரி மொத்தமும் கையில் இருப்பதால் அதற்குப் பின்னால் போகத் தடையில்லை. முதலில் வரியை வாங்கு, பிறகு பிரித்துப் பார் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவதன் காரணம் இதுதான்.

வரம்பு மீறிய எண்ணிலும் இதே வேறுபாடு. ‘இன்ட்’ கேட்ட இடத்தில் பதினோரு 9-களைத் தட்டினால் ‘ஸ்கேன்எஃப்’ என்ன செய்யும் என்பதற்குத் தரநிலை எந்த உறுதியும் தரவில்லை. ‘ஸ்டர்டூஎல்’ என்றால், கொள்ளாத எண்ணுக்குத் தன் வகையின் மிகப் பெரிய எண்ணைத் தந்து, ‘எர்நோ’விலும் குறித்து வைக்கும். அந்த மிகப் பெரிய எண்ணையே பயனர் நியாயமாகத் தட்டியிருக்கவும் கூடும் என்பதால், அழைக்கும் முன் ‘எர்நோ’வைப் பூஜ்யமாக்கிவிட்டு, பிறகு பார்க்க வேண்டும்.

தரநிலைக்கு வெளியே பிறந்த நீட்சிகள் எல்லாமே தொல்லை என்று எண்ண வேண்டாம். எவ்வளவு நீளமான வரியானாலும் தேவையான நினைவகத்தைத் தானே பெற்று வாசிக்கும் ‘கெட்லைன்’ குனுவின் நீட்சியாகத் தொடங்கி, 2008-இல் போசிக்ஸில் இடம்பெற்றது. அதன் வரவால் ஒரு விநோதம் நடந்தது. கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய சி நூலில் அதே பெயரில் வேறொரு செயற்கூறு பாட எடுத்துக்காட்டாக இருக்கிறது. லினக்ஸ் நூலகம் தன் ‘கெட்லைன்’ஐ இயல்பாகவே அறிவிக்கத் தொடங்கியதும், மொழியைப் படைத்தவரின் நூலிலிருந்து அப்படியே தட்டிய நிரலைத் தொகுப்பி ஏற்க மறுத்தது.

ஒரே எழுத்துக்கு இருவர் உரிமை கோரிய கதையும் உண்டு. ‘ஸ்கேன்எஃப்’ வடிவச் சரத்தில் ‘எஸ்’ முன்னால் ‘ஏ’ போட்டால் சொல்லுக்கான நினைவகத்தை நூலகமே ஒதுக்கும் என்பது குனுவின் பழைய ஏற்பாடு. 1999-இன் தரநிலை அதே ‘ஏ’யைப் பதினாறடிமானப் பின்ன எண்ணுக்குக் கொடுத்துவிட்டது. இதனால் ஒரே மூல நிரலை ஒரு விருப்பத்தோடு தொகுத்தால் சொல்லை வாசித்தது, இன்னொரு விருப்பத்தோடு தொகுத்தால் எண்ணைத் தேடியது. பின்னர் போசிக்ஸ் அந்த வேலைக்கு ‘எம்’ என்ற எழுத்தைத் தந்து சிக்கலைத் தீர்த்தது. மைக்ரோசாஃப்டின் ‘ஸ்கேன்எஃப்_எஸ்’ கதை இன்னும் தீரவில்லை. ஒவ்வொரு சரத்தோடும் அதன் அளவையும் கேட்கும் இந்தப் பாதுகாப்பு வடிவம் 2011 தரநிலையின் விருப்பப் பின்னிணைப்பாக ஏறியது. ஆனால் அளவின் வகை மைக்ரோசாஃப்டில் ஒன்று, பின்னிணைப்பில் வேறொன்று. 64 பிட் கணினியில் முன்னது 4 பைட், பின்னது 8. குனு நூலகம் அந்தப் பின்னிணைப்பை எடுத்துக்கொள்ளவே இல்லை.

1971 நவம்பரில் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே ‘பக்ஸ்’ என்று ஒரு தலைப்பு இருந்தது. குறைகளை எழுதியவர்களே ஒப்புக்கொண்டு பதிவு செய்யும் இடம். நிரலுக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் தலைப்பும் இருந்தது. அந்த மரபு இன்றைய லினக்ஸ் கையேட்டிலும் தொடர்கிறது: விடை என்ன, பிழைகள் எவை, எந்தத் தரநிலையில் உள்ளது, எங்கிருந்து வந்தது என்று தனித்தனித் தலைப்புகள். நல்ல பக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்க ‘கெட்லைன்’ பக்கத்தையே திறக்கலாம். வெற்றி என்றால் வாசித்த எழுத்துகளின் எண்ணிக்கை, வரிப்பிரிப்பானையும் சேர்த்து. வரிக்குள் பூஜ்ய பைட் இருந்தாலும் நீளம் சரியாக இருக்கும். தோல்விக்கும் கோப்பு முடிவுக்கும் மைனஸ் 1, ஆக இங்கும் ‘ஃபீஓஎஃப்’ கேட்க வேண்டும். தவறான சுட்டி கொடுத்தால் ஒரு குறியீடு, நினைவகம் கிடைக்காவிட்டால் இன்னொன்று. அவசரத்தில் படிப்பவர்கள் தாண்டிப்போகும் ஒரு வாக்கியமும் அதில் உண்டு: அழைப்பு தோற்றிருந்தாலும் நூலகம் ஒதுக்கிய நினைவகத்தை விடுவிப்பது அழைத்தவரின் பொறுப்பு. காலிக் கோப்பைத் திறந்து ஒரே ஒரு வரி வாசிக்க முயன்று தோற்ற நிரலும் ஒரு துண்டு நினைவகத்தைக் கையில் வைத்திருக்கக்கூடும். அதை ஆயிரம் கோப்புகளுக்குச் செய்யும் சேவை நிரலை எழுதுகிறவருக்கு அந்த வாக்கியம் தேவைப்படும்.